நான் நிறுத்திய பாடம்

ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் விரிவுரையாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "மேடம், கற்பித்தல் பயிற்சியைப் பார்வையிட முதல் தடவையாப் போறேன். பின்னால உட்கார்ந்து எதையெல்லாம் கவனிக்கணும்?" என்று கேட்டார். பாடக்குறிப்பு, கரும்பலகை, துணைக்கருவி, நேரம், மொழி என்று வரிசையாகச் சொன்னேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார். எனக்குத்தான் அன்று முழுவதும் உறுத்தலாக இருந்தது. பதினான்கு வருடம் அந்தப் பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். அங்கே உட்கார்ந்து செய்த தவறை மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் உங்களுக்குச் சொல்வது சரியில்லை.

பெருமையாகச் சொல்ல எனக்கும் கதைகள் உண்டு. அவற்றைப் பணி நிறைவு விழாவில் மற்றவர்களே சொல்லிவிட்டார்கள். மேடையில் யாரும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

1996-இல் கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் தமிழ் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். எனக்குச் சொந்த ஊர் தேவதானப்பட்டி. எங்கள் வீட்டில் 'வந்தாக, போனாக' என்றுதான் பேசுவோம். பெரியவர்களை மரியாதையாகச் சொல்ல எங்களுக்குத் தெரிந்த தமிழ் அதுதான். எம்.ஏ. படிக்கச் சென்னைக்குப் போன முதல் மாதம், கருத்தரங்கில் பேசிக்கொண்டிருந்தபோது "அவுக அப்படித்தான் சொன்னாக" என்று வாயில் வந்துவிட்டது. வகுப்பு சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். அதற்குப் பிறகு ஆறு மாதம் நான் வகுப்பில் வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு சொல்லாகத் திருத்திக்கொண்டேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்து, "மாமா வந்தார்களா?" என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "ஆருகிட்டத்தா பேசுற?" என்றாள்.

என்னிடம் படித்து வெளியே போகிற யாரையும் பார்த்து இப்படி எவரும் சிரிக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதனால்தான் அதைச் சந்தேகப்பட எனக்கு இவ்வளவு காலம் ஆயிற்று.

சேர்ந்த அடுத்த வருடம் ஈஸ்வரி என்ற மாணவி வந்தாள். ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் குடும்பம். ஒல்லியான பெண். எங்கள் வகுப்பில் அதிகம் பேச மாட்டாள். ஆனால் சின்னப் பிள்ளைகள் நடுவில் போய் நின்றால் ஆளே மாறிவிடுவாள். கற்பித்தல் பயிற்சிக்காக அவளைப் பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு அனுப்பியிருந்தோம். வெளியிலிருந்து தேர்வாளர் வருவதற்கு ஒரு வாரம் இருந்தது. நான் மதிப்பெண் தாளோடு பின்னால் போய் உட்கார்ந்தேன். சுவரை ஒட்டி இன்னும் பன்னிரண்டு பயிற்சி மாணவிகள் நின்றிருந்தார்கள்.

பாடம் தண்ணீர். ஈஸ்வரி கரும்பலகையில் ஒரு மலையை வரைந்தாள்.

"இங்கன இருக்கு மலை. தண்ணி எல்லாம் அந்தப் பக்கம் போயிக்கிட்டு இருந்துச்சு. நம்ம பக்கம் வரல. பெறகு என்ன செஞ்சாக? மலையக் குடைஞ்சாக. குடைஞ்சு, தண்ணிய இங்கிட்டுக் கொண்டாந்தாக. மலையடிவாரத்துல லோயர் கேம்ப் பாத்திருக்கீகளா? அங்கனதான் வந்து எறங்குது."

வகுப்பே எழுந்துகொண்டது. ஒருவன் கரண்டு எடுக்கிற கதையைச் சொன்னான். ஒருத்தி குழாய் எவ்வளவு பெரிசு என்று கையை விரித்துக் காட்டினாள். நான் கடிகாரத்தையும் என் தாளையும் பார்த்தேன். மொழித்தூய்மை என்ற கட்டத்துக்கு நேரே பத்து மதிப்பெண். வரப்போகும் தேர்வாளர் அந்தக் கட்டத்தில் கண்டிப்பானவர் என்று எனக்குத் தெரியும். அதையும் மீறி, முகம் சூடாகிற மாதிரி ஒரு வெட்கம் எனக்குள் ஏறியது. அவள் பேசியது என் வீட்டுப் பேச்சு.

"நிறுத்து" என்றேன்.

வகுப்பு அடங்கியது.

"கொண்டாந்தாக இல்லை. கொண்டு வந்தார்கள். சொல்."

"கொண்டு வந்தார்கள்" என்றாள்.

"அங்கன இல்லை. அங்கே. பத்து முறை சொல்."

சொன்னாள். மூன்றாவது முறைக்குப் பிறகு பிள்ளைகளும் சேர்ந்துகொண்டு கத்தினார்கள். அவர்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது. சிரித்தார்கள். சுவரோரம் நின்ற பயிற்சி மாணவிகளில் சிலரும் சிரித்தார்கள். ஈஸ்வரி அழவில்லை. பத்து முறையும் என் முகத்தைப் பார்த்தே சொல்லி முடித்தாள்.

வெளியே வரும்போது அந்த வகுப்பின் ஆசிரியை வாசலில் என்னை நிறுத்தினார். என் வயதுதான் இருக்கும். அவரது பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

"மேடம், மூணாவது வரிசையில ஒரு பொம்பளப் பிள்ளை இருக்கு பாருங்க. பள்ளிக்கூடம் தொறந்ததுல இருந்து அது ஒரு வார்த்தை பேசல. நான் என்னென்னமோ செஞ்சு பாத்துட்டேன். இன்னைக்கு அதுவா எந்திரிச்சுச்சு. 'எங்க அய்யா அந்தக் குழாயப் பாத்திருக்காக'ன்னு ஆரம்பிச்சுச்சு. அப்பத்தான் நீங்க நிறுத்துனீக."

"மொழிக்குப் பத்து மதிப்பெண் இருக்கிறதே" என்றேன்.

"இருக்கட்டும் மேடம். அந்தப் பிள்ளை உக்காந்துருச்சு" என்றார். வகுப்புக்குள் போய்விட்டார்.

இளையவர்களே, இந்த இடத்தில் நான் திரும்பி உள்ளே போயிருக்கலாம். அந்தக் குழந்தையிடம் 'உங்க அய்யா என்னத்தா பாத்தாக?' என்று கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியாத பேச்சா அது? இரண்டு நிமிட வேலை. ஆனால் பயிற்சி மாணவிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னதிலிருந்து இறங்கி வந்தால் அவர்கள் முன்னால் என் மதிப்புக் குறையும் என்று தோன்றியது. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

ஒரே வாரத்தில் ஈஸ்வரி முழுக்க மாறினாள். தேர்வாளர் வந்த அன்று அவள் எடுத்த பாடத்தில் ஒரு சொல் பிசகவில்லை. குழந்தைகள் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். தேர்வாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பாராட்டினார். அந்த ஆண்டு அவள்தான் முதல். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஆண்டு மாணவர் அணியிடமும் நான் அவளைப் பற்றிச் சொன்னேன். 'எங்கள் ஈஸ்வரியும் முதலில் உங்களைப் போலத்தான் பேசினாள். ஒரே வாரம்.' சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும்.

இனிச் சொல்லப்போவது 2008-இல் நடந்தது.

ஈஸ்வரி ஓடைப்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் சேர்ந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் மாணவிகள் இருவரை அந்தப் பள்ளிக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தோம். பார்வையிடும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். தலைமையாசிரியர், "உங்க மாணவி வகுப்பு எப்படின்னு நீங்களே பாருங்க மேடம்" என்று பார்வையாளர் பதிவேட்டைக் கையில் கொடுத்து, இரண்டாம் வகுப்புக்கு அழைத்துப் போனார்.

அப்படி ஓர் ஒழுங்கை நான் பார்த்ததில்லை. முப்பது குழந்தைகள். ஒரு சத்தம் இல்லை. கேள்வி கேட்டால் எழுந்து நின்று முழு வாக்கியமாக, புத்தகத் தமிழில் பதில் சொன்னார்கள். "ஆம் அம்மா, பசு நமக்குப் பால் தருகிறது." ஈஸ்வரி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் பதிவேட்டைத் திறந்து, 'முன்மாதிரி வகுப்பு' என்று எழுத ஆரம்பித்தேன்.

அப்போது இரண்டாவது வரிசையில் ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. எழுந்து நின்றாள். உதடு அசைந்தது. ஒரு வாக்கியத்தை மனதுக்குள் கட்டிப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"முழு வாக்கியமாகச் சொல், பவித்ரா" என்றாள் ஈஸ்வரி, கனிவாகத்தான்.

"எனக்கு… எனது தலை…" என்று தொடங்கி நின்றுவிட்டாள்.

"பொறுமையாக யோசித்துச் சொல்."

சிறுமி என்னைப் பார்த்தாள். பிறகு, "ஒன்றுமில்லை அம்மா" என்று உட்கார்ந்துவிட்டாள்.

அவள் முகம் வெளுத்திருந்ததை நான் பார்த்தேன். வாயோரம் எச்சில் வழிந்ததையும், அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பதிவேட்டில் அடுத்த வரியை எழுதினேன். அவ்வளவு அழகாக ஓடிக்கொண்டிருந்த வகுப்பைக் குறுக்கிட எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு ஒரு நல்ல பாடத்தை நிறுத்தத் தயங்காதவள், இன்றைக்கு நிறுத்த வேண்டிய பாடத்தை நிறுத்தவில்லை.

பத்து நிமிடம் இருக்கும். பவித்ரா பெஞ்சிலிருந்து சரிந்தாள். முன் பெஞ்சின் முனையில் புருவம் மோதி ரத்தம் வந்தது. குழந்தைகள் அப்போதும் சத்தம் போடவில்லை. அதுதான் இன்றைக்கும் என் நினைவில் நிற்கிறது. பக்கத்தில் இருந்த பையன் கையைத் தூக்கிக்கொண்டு, பேசுவதற்கு அனுமதிக்காகக் காத்திருந்தான்.

ஈஸ்வரி ஓடி வந்து அவளை மடியில் அள்ளினாள். குனிந்து குழந்தையின் பாவாடையை மோந்து பார்த்தாள்.

"மருந்து வாடை மேடம். தோட்டத்து மருந்து." பிறகு குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள். "ஏ ஆத்தா, கண்ணத் தொற. இங்கன பாரு. என்னத்தா செய்யுது? காலையில தோட்டத்துக்குப் போனியா?"

எட்டு வருடத்தில் அந்த வகுப்பில் அவள் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை என்று பிறகு சொன்னாள். குழந்தை கண்ணைத் திறந்தது.

"போனேன். அப்பா மருந்தடிச்சாக. நான் ஓஸ் பைப்பப் பிடிச்சேன். மேல தெறிச்சிருச்சு."

"எப்ப இருந்துத்தா இப்படி இருக்கு?"

"அப்பவே கிறுகிறுன்னு வந்துச்சு. சொல்லத்தான் எந்திரிச்சேன். கிறுகிறுன்னு வருதுங்கறதுக்கு நல்ல தமிழ் தெரியல டீச்சர்."

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பாவாடையைக் கழற்றி, குழாயடியில் உட்காரவைத்து உடம்பெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவினாள் ஈஸ்வரி. தோட்டத்தில் வளர்ந்தவளுக்குத்தான் அது தெரியும். நான் அங்கே தண்ணீர் மொண்டு கொடுத்ததோடு சரி. தன் முந்தானையில் சுற்றி அவளை ஆட்டோவில் ஏற்றினாள். சின்னமனூர் போகும் வரை, "தூங்காதத்தா, எதையாச்சும் பேசு. உங்க வீட்டு ஆடு எத்தன குட்டி போட்டுச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். குழந்தை விட்டுவிட்டுப் பதில் சொன்னது. ஆஸ்பத்திரியில் ஊசிகள் போட்டார்கள், புருவத்தில் தையல் போட்டார்கள், மூன்று நாள் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டாள். "உடனே கழுவினது நல்லது. இன்னும் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்றார் மருத்துவர்.

குழந்தையின் அப்பா தோட்டத்திலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார். மருந்தடிக்கக் குழந்தையைக் கூட்டிப் போன தவறு அவருக்குத் தெரிந்தே இருந்தது; அதனால் எங்களிடம் கோபப்படவில்லை. "வீட்டுல வாய் ஓயாது டீச்சர் இதுக்கு. பள்ளிக்கூடத்துல ஏன் சொல்லாம இருந்துச்சுன்னுதான் வெளங்கல" என்றார்.

அன்று மாலை ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அவளிடம் சொன்னேன். "ஈஸ்வரி, பயிற்சியில அன்னைக்கு உன் பாடத்தை நான் நிறுத்தியிருக்கக் கூடாது. தப்பு என்னோடது."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அத நான் மறந்துட்டேன்னு சொன்னா நீங்க நிம்மதியாப் போவீக. ஆனா மறக்கல மேடம். முதல்ல உங்க மேல கோவமா இருந்துச்சு. பெறகு முதல் மார்க் வந்துச்சு, கோவம் போச்சு. நீங்க செஞ்சதுதான் சரின்னு நெனச்சேன். நெசமாவே நெனச்சேன்." கையில் காய்ந்திருந்த ரத்தத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க எங்கிட்டச் சொல்லிட்டீக. நான் யாருகிட்டச் சொல்ல? எட்டு வருசமா எத்தனை பிள்ளைக எந்திரிச்சு உக்காந்துச்சோ. மயக்கம் போட்டு விழுந்ததால இது ஒண்ணு தெரிஞ்சுச்சு."

பள்ளி நிர்வாகம் விசாரணை வைத்தது. என்னிடமும் எழுதிக் கேட்டார்கள். பூச்சிமருந்தால் குழந்தை மயங்கியது, ஆசிரியை தாமதிக்காமல் கழுவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தார் என்று எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. இடையில் இருந்த பத்து நிமிடத்தை மட்டும் விட்டுவிட்டேன். அவளைக் காப்பாற்றுவதற்காக என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பத்து நிமிடத்தில் நானும் அங்கே இருந்தேன் என்பது அந்த நினைப்புக்கு அடியில் இருந்தது. ஈஸ்வரி தன் விளக்கத்தில் முழுவதையும் எழுதினாள். குழந்தை சொல்ல வந்ததையும், தான் முழு வாக்கியம் கேட்டதையும், அது உட்கார்ந்ததையும். அவளுக்கு மெமோ கிடைத்தது. எனக்கு நன்றிக் கடிதம் வந்தது.

அதன் பிறகு ஒருமுறை அந்தப் பள்ளிக்குப் போனேன். பதிவேட்டில் நான் எழுதிய இரண்டு வரியை எடுத்துவிட முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். "பதிவேட்டுல அடிச்சுத் திருத்தக் கூடாதே மேடம்" என்றார். ஈஸ்வரி அதே பிள்ளைகளின் வகுப்பையே தொடர்ந்து எடுக்கக் கேட்டு வாங்கியிருந்தாள். பிள்ளைகளைப் பேசவைக்க அவள் படாத பாடு பட்டிருந்தாள். "எப்படியும் பேசலாம்னு சொன்னா நம்ப மாட்டேங்குதுக மேடம். சோதிச்சுப் பாக்குறேன்னு நெனைக்குதுக" என்றாள். பொங்கலுக்குப் பிறகுதான் வகுப்பில் கொஞ்சம் சத்தம் வந்ததாம். பவித்ரா நன்றாகப் படித்தாள். ஆனால் அந்த வருடம் முழுவதும் அவள் ஒருமுறைகூடக் கையைத் தூக்கவில்லை.

நிறுவனத்தில் மதிப்பெண் தாளை மாற்றக் கேட்டுப் பார்த்தேன்; அது எங்கள் கையில் இல்லை என்றார்கள். என் வகுப்பில் என்னால் மாற்ற முடிந்ததை மாற்றினேன். புத்தகத் தமிழைக் கட்டாயம் கற்றுக்கொடுங்கள், ஆனால் குழந்தை வீட்டிலிருந்து கொண்டு வரும் பேச்சை முதலில் காதுகொடுத்துக் கேளுங்கள் என்று கடைசி இரண்டு அணிகளுக்குச் சொன்னேன். அவர்களுக்கு முந்தைய அணிகளை என்ன செய்வது? முகவரி கிடைத்தவர்களுக்கெல்லாம் கைப்படக் கடிதம் எழுதினேன். ஈஸ்வரி வகுப்பில் நடந்ததை ஒளிக்காமல் எழுதி, 'நான் சொல்லிக்கொடுத்தது தவறு. தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள்' என்று முடித்திருந்தேன். நாற்பது கடிதம் இருக்கும். மூன்று பதில் வந்தது. அதில் ஒன்று தேவதானப்பட்டிப் பக்கம் தலைமையாசிரியராக இருக்கும் என் பழைய மாணவர் எழுதியது. 'தங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். தாங்கள் காட்டிய வழியில்தான் இன்றும் நடக்கிறேன். என் வகுப்பில் ஒரு குழந்தைகூடக் கொச்சையாகப் பேசுவதில்லை. ஒருமுறை வந்து பார்க்க வேண்டுகிறேன்.'

ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு போனேன். என் சொந்த ஊர்ப் பிள்ளைகள். நான் நுழைந்ததும் எழுந்து நின்று, "வணக்கம் அம்மா, தங்கள் வரவு நல்வரவாகுக" என்றார்கள். வகுப்பு முடிந்து மரத்தடியில் உட்கார்ந்து, கடிதத்தில் எழுதியதை அவரிடம் நேரில் மறுபடியும் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். டீ வாங்கி வரச் சொன்னார்.

"மேடம், நீங்க ரிட்டயர் ஆகப் போறீக. மனசு இளகிப்போச்சு, அதான்" என்றார். "நீங்க இப்பச் சொல்றத நான் தப்பா எடுத்துக்கல. ஆனா எங்களுக்கு மேடம்னா அப்ப இருந்த மேடம்தான்."

நான் டீயைக் குடித்தேன். அவரே கூட வந்து என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, வண்டி கிளம்பும் வரை நின்று கும்பிட்டார்.